இரண்டாம் கேட்

ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது,
லேமினேஷன் செய்து, மூலையில் ஓட்டை போட்டு,
மாட்டுவதற்கு நூலும் சேர்த்து.
தமிழ் எழுத்தில்தான். எனக்காக.
பகல் பன்னிரண்டு வரை குட் மார்னிங்.
நாலு மணி வரை குட் ஆஃப்டர்நூன்.
அதற்கப்புறம் எவ்வளவு இருட்டினாலும்
வருகிற ஆளுக்கு குட் ஈவினிங்தான்.
கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு:
குட் நைட் என்பது போகிறவருக்கு.

அந்த இரண்டு கோடும் என்னால் வந்தவை.

மாங்காய் சீசன். காவேரிப்பட்டணம் ரோட்டில்
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
டேம் பிரிவு வரை வால் நீட்டி நின்ற ராத்திரி.
பதினோரு மணிக்கு ஒரு வெள்ளைக்காரர்,
கூழ் வாங்குகிற கம்பெனி, ஹாலந்தோ என்னவோ,
காரிலிருந்து இறங்கினார்.
விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து
குட் நைட் சார் என்றேன்.
அவர் வாட்சைப் பார்த்தார்.
காரைப் பார்த்தார்.
வந்த வழியே அனுப்புகிறாளோ என்று
என்னையும் ஒருமுறை பார்த்தார்.
மாதேஷ் தோல் அள்ளும் டிராக்டரில் இருந்தபடியே சிரித்தான்,
விடியும்வரை சிரித்தான்.

ஷெரின் மேடம் சிரிக்கவில்லை.
எச்.ஆர்., நாகர்கோவில் பக்கம்,
என் மகளைவிட இரண்டு வயது கூட.
பூங்காவனக்கா, ஹலோ யாருக்கும் சொல்லலாம்,
ஹாய் மட்டும் முதலாளிக்கு வேண்டாம் என்றாள்.
எப்படி இருக்கிறாய் என்று அவர்கள் கேட்டால்
அது கேள்வியே இல்லையாம்.
ஃபைன் என்று சொல்லிவிட்டு நகர வேண்டுமாம்.
முழங்கால் வலி, கரண்ட் பில் எல்லாம் கூடாது.
அப்புறம் எதற்குக் கேட்கிறார்கள் என்றேன்.
நீங்க சாப்டாச்சான்னு கேக்கறது
சோறு போடறதுக்கா என்றாள்.
சில நாள் போட்டிருக்கிறேன் என்றேன்.

தாளைப் பார்த்துப் பார்த்துத் தேறிவிட்டேன்.
பாய்லர் இன்ஸ்பெக்டர், வங்கிக்காரர்,
ஆடிட்டருக்குப் பின்னால் பை தூக்கி வரும் பையன் வரை
யாருக்கும் பிசகியதில்லை.
ஆறு மணி ஷிப்டுக்கு வேப்பனஹள்ளியிலிருந்தும்
பர்கூரிலிருந்தும் வந்து இறங்குகிற பெண்களுக்குத்
தாள் தேவைப்படவில்லை.
அவர்களுக்கு ஏண்டி லேட்டு போதும்.

ஆடி மாதம் ஷெரின் மேடத்தின் அப்பா தவறிப்போனார்.
பத்து நாள் கழித்து வந்தாள்.
மழை அப்போதுதான் விட்டிருந்தது, மணி ஐந்தரை.
தாளின்படி சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும்.
ஈவினிங் வாய் வரை வந்துவிட்டது,
குட் வரவில்லை.

எங்கள் அகரத்தில் சாவு வீட்டில்
வாங்க என்று யாரும் கூப்பிட மாட்டார்கள்.
எழுந்து கிளம்புகிறவர்கள்
போய்ட்டு வரேன் என்று சொல்ல மாட்டார்கள்.
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு
தெருவில் இறங்கிவிடுவார்கள்.
இதற்கெல்லாம் எவரும் எனக்குத் தாள் கொடுத்ததில்லை.

ஒரு ஆள் நுழையச் சின்னக் கதவு போதும்.
நான் பெரிய கேட்டைத் தள்ளினேன்,
லாரிக்குத் திறப்பதுபோல், இரண்டு பக்கமும்.
அவள் நடுவில் நடந்து வந்தாள்.
ரிஜிஸ்டரில் கட்டி வைத்த பேனா எழுதவில்லை.
என் பேனாவைக் கொடுத்தேன்.
சாப்டாச்சா என்றேன்.
ஃபைன்க்கா என்றாள்.

ஒன்பதரைக்குக் கிளம்ப வந்தபோது
டப்பாவைத் திறந்து மூடியில் பாதிக் களி வைத்து,
மேலே கீரைக் குழம்பு ஊற்றினேன்.
நின்றபடியே தின்றாள்.
களியை விழுங்க வேண்டும் என்று தெரியாமல்
மென்றாள்,
வெகுநேரம் மென்றாள்.
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு லாரி நம்பர் எழுதினேன்.

கை கழுவி, துப்பட்டாவில் துடைத்தாள்.
போகிறவளுக்கு என்ன சொல்வதென்று
இரண்டு கோடு போட்ட வரியைத்
தயாராக வைத்திருந்தேன்.
அவள் முந்திக்கொண்டாள்.
வரேன்க்கா.

ம் என்றேன்.

சொல்லாமல் மிச்சமான குட் நைட்டை
அடுத்து வந்த லாரி டிரைவருக்குச் சொன்னேன்.
வருகிற ஆள்தான். தப்புதான்.
அவனும் குட் நைட் என்றான்,
வண்டியை உள்ளே விட்டான்.